ஷிப்ட் ரூமுக்குப் போன டீ

ரிட்டையர் ஆனவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் எங்கள் காலேஜ் எமர்ஜென்சி ஸ்குவாடில் ஒரு வழக்கம் இருக்கிறது. காம்பவுண்டை விட்டுப் போகிறவர்கள் எல்லாரும் ரிட்டையர் ஆனவர்கள்தான். படிக்கிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ரிட்டையர் ஆகிவிடுவார்கள். நான் கேண்டீனில் டீ போட்டவன். பாஸும் ஆக மாட்டேன், ஃபெயிலும் ஆக மாட்டேன். அதனால் பல பேட்ச் பார்த்துவிட்டேன். போன மாதம் கேண்டீன் வேறு கான்ட்ராக்டர் கைக்குப் போனது. நான் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தமாக டீக்கடை எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் என்னை மேடையில் உட்கார வைத்து சால்வை போட்டு, "மணிண்ணா ரிட்டையர்மென்ட்" என்று கேக் வெட்டினார்கள்.

அன்றைக்குப் புது கேப்டன் ஸ்குவாடின் புதுப் பையைத் திறந்து காட்டினான். மூக்கில் அடிக்கிற மருந்து வந்திருக்கிறது. மாத்திரை அதிகமாகப் போட்டு மூச்சு நின்றுபோகிறவனுக்கு அதை அடித்தால் மூச்சு திரும்புமாம். கேட்டில் ஆம்புலன்ஸ் ஒன்றும் நிற்கிறது.

"இதெல்லாம் இல்லாதப்ப நீங்க இன்னாண்ணா பண்ணீங்க?" என்று ஒரு முதல் வருடப் பெண் கேட்டாள்.

"எயுப்பினோம்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணவில்லை என்று தெரிந்ததும், எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் என் தம்பி திலீப்பைச் சொல்ல வேண்டும். அவனைச் சொல்லாமல் இந்த வேலையைச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் வீடு மாரிகுப்பத்தில். தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர். அப்பா முதல் ரயிலில் பெங்களூருக்குப் போய்க் கடைசி ரயிலில் வருகிறவர். எங்கள் லைன் வீடுகளில் ஒரு மரியாதை உண்டு. ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிறவனை யாரும் எழுப்ப மாட்டார்கள். பகலில் ஒரு வீட்டுக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தால் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். குக்கர் விசில் வருவதற்குள் அடுப்பை அணைப்பார்கள். சாவு செய்தியே வந்தாலும் கொஞ்சம் பொறுத்துத்தான் கதவைத் தட்டுவார்கள். சுரங்கம் மூடி வெகு காலம் ஆகிவிட்டது. இந்த மரியாதை மூடவில்லை.

திலீப் பகலில் எங்கள் காலேஜில் பி.காம். படித்தான், ராத்திரியில் கம்பெனி வேனில் போய் ஃபாக்டரியில் வேலை பார்த்தான். நின்றுகொண்டே செய்கிற வேலை. முதுகு வலி என்றான். கூட வேலை செய்தவன் வலி மாத்திரை கொடுத்தான். வலிக்காகப் போட்டது, அப்புறம் வலி இல்லாத நாளிலும் போட்டான். எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் காலையில் வந்தான், படுத்தான், குறட்டை விட்டான்.

அம்மா ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கினாள். பக்கத்து வீட்டு டிவியைக் குறைக்கச் சொன்னாள். குடம் விற்க வந்தவனைத் தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினாள். மத்தியானத்துக்கு மேல் குறட்டை நின்றுவிட்டது. இப்போதுதான் நன்றாகத் தூங்குகிறான் என்று அம்மாவுக்குச் சந்தோஷம். நான் கேண்டீன் வேலை முடிந்து வந்தபோது வாசலிலேயே உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

அது குறட்டை இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாக்கு பின்னால் விழுந்து, மூச்சு வழி கிடைக்காமல் இழுத்த சத்தம். கேட்டவுடனே எழுப்பியிருந்தால், எழும்பவில்லை என்று தெரிந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆனால் அது அம்மா காதில் விழுந்துவிட்டது.

அதற்கப்புறம் துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள். "படிச்சவளா இருந்தா தெரிஞ்சிருக்கும். நான் கைநாட்டு. என் புள்ளைய நானே தூங்க வெச்சி கொன்னுட்டேன்." பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டாள். விட்ட பிறகுதான் எனக்குப் பயம் அதிகமானது. அந்த நினைப்பை அவள் மனசிலிருந்து எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று இருந்தேன். என்ன சொன்னாலும் எடுபடவில்லை.

திலீப் போன அடுத்த மாதம் அவன் கிளாஸ் பிள்ளைகளும் அதே காம்பவுண்டில் இருந்த நர்சிங் பிள்ளைகளும் சேர்ந்து ஸ்குவாடை ஆரம்பித்தார்கள். பெரியவர்கள் யாரும் சொல்லிச் செய்யவில்லை. காலேஜ் ஒரு பழைய அலமாரி கொடுத்தது. ஹெல்த் ரூமில் இருந்த சிஸ்டர் அதன் சாவியைக் கொடுத்தார். கேப்டன் கோமதி, நர்சிங் இரண்டாம் வருடம். ராபர்ட்சன்பேட்டை பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண்.

நான் போய் நின்றேன். "ஸ்டூடண்ட்ஸ் மட்டும்தாண்ணா" என்றான் ஒரு பையன்.

கோமதி கேட்டாள். "அண்ணா, நீங்க காலைல எப்ப வருவீங்க?"

"பால் வர்றப்ப."

"எப்ப போவீங்க?"

"கடைசி பஸ் புள்ளைங்க போனப்பறம்."

"நம்ம எல்லாரவிட இவருதான் காலேஜ்ல அதிகமா கீறாரு" என்று அந்தப் பையனிடம் சொன்னாள். "பேர எழுது."

நான் யாருடைய அண்ணன் என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.

பயிற்சி என்று நீட்டி எழுத ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் கோலாரிலிருந்து ஒரு டாக்டர் வந்து ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார். நிஜமான பயிற்சி கோமதி கொடுத்ததுதான். அவள் எங்கே வேண்டுமானாலும் விழுவாள். லைப்ரரி படியில் விழுவாள், பஸ் வரிசையில் விழுவாள். முதல் தடவை கேண்டீன் கூட்டத்துக்கு நடுவில் விழுந்தாள். நான் கவுண்டரைத் தாண்டிக் குதித்து ஓடினேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கரண்டிய கீழ வெச்சிட்டு வாங்கண்ணா."

அவளுடைய முறையை அப்படியே சொல்கிறேன். புது மருந்து வந்தாலும் இது மாறாது.

முதலில் கிட்டே போய் உட்கார்ந்து உன் பெயரைச் சொல். நினைவே இல்லாதவனாக இருந்தாலும் சொல். "நான் மணி. உன்ன தொடப் போறேன்." ஏன் என்று கேட்டேன். "காது கடைசியிலதான் தூங்கும். யாருன்னே தெரியாம ஒருத்தன் தொட்டா உங்களுக்குப் புடிக்குமா?" என்றாள். அப்புறம் சத்தமாகக் கூப்பிடு. தோளைத் தட்டு. அசையவில்லையா, வலி கொடு. கை முட்டியை மடக்கி நெஞ்செலும்பின் மேல் வைத்து அழுத்தித் தேய். பெண் பிள்ளையாக இருந்தால் எனக்குக் கூச்சம் என்றேன். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலுள்ள சதையைப் பிடித்து முறுக்கிக் காட்டினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "இவ்ளோ வலிக்கணும். வலிக்காம எயுப்பறதுக்குப் பேரு தாலாட்டு."

அதற்கும் எழவில்லை என்றால் உதட்டைப் பார், நகத்தைப் பார், நீலமாக இருக்கிறதா. நெஞ்சைப் பார், ஏறி இறங்குகிறதா. ஒருவன் 108-க்குப் போன் போட, ஒருவன் சிஸ்டரைக் கூப்பிட, ஒருவன் தலையைப் பின்னால் சாய்த்து மூச்சு வழியைத் திறக்க வேண்டும். கூட இருந்தவர்களிடம் மூன்றே கேள்விதான். இன்னா சாப்பிட்டான், எப்ப சாப்பிட்டான், கூட வேற இன்னா சாப்பிட்டான். யார் கொடுத்தது, எங்கே வாங்கினது என்று கேட்கக் கூடாது. "போலீஸ் வருமா அக்கா?" என்று நடுங்குகிற பிள்ளைகளுக்கு அவள் எப்போதும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள். "மொதல்ல மூச்சு வரட்டும்."

கோபம் வந்தால் அவள் குரல் தாழ்ந்துவிடும். எவ்வளவு கோபமோ அவ்வளவு மெதுவாகப் பேசுவாள். ஸ்போர்ட்ஸ் டே அன்று ஒரு பையன் குடித்துவிட்டு விழுந்தான். நண்பர்கள் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, வாயில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கோமதி அந்தச் சொம்பை வாங்கி என்னிடம் கொடுத்தாள். "நெனப்பு இல்லாதவன் வாயில இன்னாத்துக்கு ஊத்துறீங்க?" என்று அவள் கேட்டது பக்கத்தில் இருந்த எனக்கே பாதிதான் கேட்டது. அந்தப் பையன்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவனை ஒருக்களித்துத் திருப்பிப் படுக்க வைத்தோம். திருப்பியதுமே வாந்தி எடுத்தான். மல்லாக்க இருந்திருந்தால் அது நெஞ்சுக்குள் போயிருக்கும். அன்றைக்குத்தான் இந்த வேலை எனக்கு வரும் என்று தெரிந்துகொண்டேன்.

இப்போது ஷிப்ட் ரூமைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லைப்ரரிக்குப் பின்னால் ஒரு பழைய ஹால் இருக்கிறது. நைட் ஷிப்ட் முடித்து நேராகக் காலேஜுக்கு வருகிற பையன்கள் முதல் இரண்டு பீரியட் அங்கே படுத்துத் தூங்குவார்கள். லெக்சரர்கள் அட்டெண்டன்ஸ் போட்டுவிடுவார்கள். லைப்ரரி சார் பாய் வாங்கிப் போட்டிருந்தார். வாசலில் செருப்பு நிறையக் கிடந்தால் எல்லாரும் பூனை மாதிரி நடப்பார்கள். வேறு ஊர் காலேஜில் இப்படி இருக்குமா என்று தெரியாது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வாத்தியாரும் ஒரு ஷிப்ட்காரனின் பிள்ளை. அதனால் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கோமதி அந்த ஹாலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இங்கதான் போகப் போறான் ஒருத்தன்."

அவள் பயம் எனக்குப் புரிந்தது. உடம்பு வலிக்கு மாத்திரை போடுகிறவர்கள் இவர்கள். படுத்தால் யாரும் எழுப்பாத இடம் அது. ஸ்குவாட் தினமும் ஒரு தடவை உள்ளே போய் ஒவ்வொருவனையும் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தாள். முதல் நாளே ஒருவன் ஷூவை எடுத்து வீசினான். இரண்டாம் நாள் பத்துப் பேர் வைஸ் பிரின்சிபாலிடம் போய் நின்றார்கள். எங்களை "எயுப்பற கேங்" என்று சுவரில் எழுதி வைத்தார்கள்.

வைஸ் பிரின்சிபால் நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு ரொம்பக் கோபமாக இருந்தார். "எங்க அப்பா சுரங்கத்துல நைட் ஷிப்ட் பாத்தவரும்மா. தூங்கறவன எயுப்பி பாத்ததில்ல நாங்க. அந்த ரூமுக்குள்ள உங்க பையோட யாரும் போகக் கூடாது."

கோமதி வாதாடவில்லை. "டீ போகலாமா சார்?"

"டீயா?"

"பசங்க வெறும் வயித்துல படுக்கறாங்க சார். மணிண்ணா டீ கொண்டு போய் வெப்பாரு."

"டீ போகட்டும்" என்றார். வெளியே வந்து கோமதி என்னிடம் சொன்னாள். "ஒவ்வொருத்தன் தலமாட்டுலயும் வெச்சி, காதுகிட்ட டீன்னு சொல்லுங்க. திட்டு வாங்காம அடுத்தவன்கிட்ட போகாதீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் இரண்டாம் பீரியட் நடக்கும்போது கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போவேன். "டீ" என்பேன். "வெச்சிட்டு போண்ணா." அடுத்தவன். "டீ." "அடப் போய்யா." அடுத்தவன். "டீ." "மூஞ்சில ஊத்தப் போறேன் இரு." எல்லாம் எனக்கு நல்ல சத்தம். பதில் வராதவனை இரண்டு தடவை கூப்பிடுவேன், பாயை இழுப்பேன். எப்படியும் ஒரு திட்டு வந்துவிடும். டீ ஆறிப்போனால் கேண்டீன் முதலாளி என்னைத் திட்டுவார். அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் மழை பெய்து விட்டிருந்தது. ஹாலில் எட்டு ஒன்பது பேர் படுத்திருந்தார்கள். சுவர் ஓரமாக நவீன் என்ற பையன். பங்காருபேட்டையிலிருந்து வருகிறவன், இரண்டாம் வருடம். பெங்களூர்ப் பையன்கள் கூட்டாளியைக் கூப்பிடுகிற மாதிரி என்னிடம் எப்போதும் "சக்கரை இன்னும் ஒரு ஸ்பூன் குரு" என்று கேட்கிறவன். அவனருகே அவன் நண்பன் அருண் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் தம்ளரை வைத்து "டீ" என்றேன். பதில் இல்லை. குறட்டை வந்தது. ஒரு குறட்டை, அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் அடித்தொண்டையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இன்னொன்று.

"உட்டுடுண்ணா" என்றான் அருண். "டபுள் ஷிப்ட் முடிச்சிட்டு வந்துகீறான். லெக்சரர் கூட வந்து பாத்துட்டு, தூங்கட்டும்னு ஃபேன் போட்டுட்டு போனாரு."

நான் கெட்டிலை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "நவீன், நான் மணி. உன்ன தொடப் போறேன்." தோளைத் தட்டினேன். கை முட்டியை நெஞ்செலும்பில் வைத்துத் தேய்த்தேன். எவனாக இருந்தாலும் அந்த வலிக்கு என்னை எட்டி உதைத்திருப்பான். நவீன் அசையவே இல்லை. உதட்டைப் பார்த்தேன். நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருந்தது.

கோமதிக்குப் போன் போட்டேன். கிளாஸில் இருந்தாள். "ஷிப்ட் ரூம்" என்று மட்டும் சொன்னேன். அவள் எதுவும் கேட்காமல் வைத்துவிட்டாள். அருணை 108-க்குப் போன் போடச் சொன்னேன். நவீனின் தலையைச் சாய்த்து, தாடையைத் தூக்கிப் பிடித்தேன். அந்தக் கொதிக்கிற சத்தம் நின்று, காற்று உள்ளே போவது கேட்டது. ஆனால் ரொம்பக் குறைவு.

கோமதி பையோடு வந்தாள், பின்னாலேயே சிஸ்டர். அருணிடம் மூன்று கேள்வி கேட்டாள். அவன் அழுதுகொண்டே வலி மாத்திரை என்றான். காலையில் வேனில் போட்டான், தூக்கத்துக்கு வேறொன்றும் சேர்த்துப் போட்டான் என்றான். கோமதி அவன் முதுகில் தட்டி, "சரியா சொன்ன. கேட்டுக்குப் போயி ஆம்புலன்ஸ கூட்டினு வா" என்று அனுப்பினாள். பிறகு குனிந்து, "நவீன், நான் கோமதி. உனக்கு மூச்சு குடுக்கப் போறோம்" என்றாள். அவள் முகமூடியை அவன் மூக்கும் வாயும் மூடும்படி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். நான் அதிலிருந்த ரப்பர் பையைப் பிழிந்தேன். நெஞ்சு எழும்பியது. விட்டேன். இறங்கியது. மறுபடி பிழிந்தேன். அவன் உதட்டில் ரத்த நிறம் மெல்லத் திரும்புவதைப் பார்த்தேன். அதைப் பார்த்திருக்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் கை அமுக்கினால் அவன் உயிரோடு இருக்கிறான்.

சிஸ்டர் டாக்டரிடம் போனில் கேட்டு, மாத்திரையின் வேகத்தை முறிக்கிற ஊசியைத் தொடையில் போட்டார். கொஞ்ச நேரத்தில் நவீன் தானாக ஒரு மூச்சு இழுத்தான். இன்னொன்று. கண்ணைத் திறந்து, முகமூடியைத் தட்டிவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

ஹாலில் இருந்த பையன்கள் கை தட்டினார்கள். வைஸ் பிரின்சிபாலும் வந்து வாசலில் நின்றிருந்தார், அவரும் தட்டினார். கோமதி தட்டவில்லை. கஷ்டமான இடமே அதற்கப்புறம்தான் வந்தது.

"நான் போறேன்" என்றான் நவீன். "எனக்கு ஒண்ணுமில்ல. தூங்கினு இருந்தேன், அவ்ளோதான்."

"ஆம்புலன்ஸ் வருது" என்றாள் கோமதி.

"வேணாம். கம்பெனில தெரிஞ்சா தூக்கிடுவாங்க. சாயங்காலம் ஷிப்ட் கீது எனக்கு." செருப்பைத் தேடினான்.

நல்லாத்தானே இருக்கிறான், விட்டுவிடலாமே என்று யாரோ சொன்னார்கள். கோமதி அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவள் குரல் ரொம்பத் தாழ்ந்துபோயிருந்தது.

"நவீன், இந்த ஊசி கொஞ்ச நேரம்தான் தாங்கும். மாத்திர அதவிட நேரம் தாங்கும். ஊசி வேகம் போனதும் திரும்ப தூங்கிடுவ. நீ பஸ்ல இருப்ப. பக்கத்துல உக்காந்தவன் பாவம் ஷிப்ட் பையன்னு உன் தலைய தோள்ல சாச்சுக்குவான். பங்காருபேட்ட வந்தாலும் உன்ன எயுப்ப மாட்டான்."

நவீன் அவளையே பார்த்தான். "அம்மாவுக்கு இன்னா சொல்றது?"

"ஜுரம்னு சொல்லு, எது வேணா சொல்லு. வண்டில ஏறு மொதல்ல."

அவன் என்னைப் பார்த்தான். "நீயும் வரியா குரு?" என்றான். "வர்றேன்" என்றேன். ஏறிவிட்டான்.

கோலாருக்குப் பாதி வழியில் பேசிக்கொண்டே இருந்தவனுக்கு நாக்கு குழறியது. கண் சொருகியது. கோமதி சொன்ன மாதிரியே. ஆம்புலன்ஸ்காரர் இரண்டாவது ஊசி ஏற்றுகிற வரைக்கும் நான் மறுபடி ரப்பர் பையைப் பிழிந்தேன். கை மரத்துப்போனது. ஆஸ்பத்திரி வாசலில் அவனை டாக்டர்கள் வாங்கிக்கொண்ட பிறகும் என் விரல்கள் விரியவில்லை. பின்னாலேயே வைஸ் பிரின்சிபாலின் காரில் வந்த கோமதி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விரித்துவிட்டாள்.

"ஆரம்பத்துல கொஞ்சம் வேகமா குடுத்தீங்க" என்றாள். "அடுத்த தடவ மெதுவா."

அவளிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. எனக்கு சால்வை போட்ட அன்றுகூட இவ்வளவு பெருமையாக இல்லை.

அடுத்த வாரம் வைஸ் பிரின்சிபால் என்கூட ஷிப்ட் ரூமுக்கு வந்தார். ஒரு கையில் தம்ளர் தட்டு. அவரே குனிந்து "டீப்பா" என்றார். தூக்கத்தில் ஒருவன் அவரையும் திட்டினான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "சரிதானே, அடுத்த ஆளுகிட்ட போலாமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஹாலில் டீ நிற்கவில்லை. பல பேட்ச் பையன்கள் என்னைத் திட்டிவிட்டு டிகிரி வாங்கிப் போயிருக்கிறார்கள்.

நவீனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் ஸ்குவாடில் இருப்பது அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரியும், நான் பேசுவதில்லை. அன்றைக்கு உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். அம்மா கையை அரிசியில் வைத்தபடியே கேட்டாள்.

"கொறட்டயா வுட்டான்?"

"ஆமாம்மா."

"யாரும் எயுப்பலயா?"

"கூட்டாளி பக்கத்துலயே உக்காந்திருந்தான். தூங்கட்டும்னு உட்டுட்டான்."

"அவன் சின்னப் பையன். அவனுக்கு இன்னா தெரியும்."

"லெக்சரர் வந்து பாத்தாரும்மா. பாத்துட்டு, நல்லா தூங்கட்டும்னு ஃபேன் போட்டுட்டு போனாரு."

அம்மா நிமிர்ந்தாள். "லெக்சரரா?"

"எம்.ஏ., பி.எச்டி."

"அவருக்குமா தெரியல?"

"யாருக்கும் தெரியலம்மா. எயுப்பக் கூடாதுன்னுதான் எல்லாருக்கும் தெரிஞ்சிது."

அரிசி ஊறிக்கொண்டே இருந்தது. பிறகு அம்மா கேட்டாள். "அந்தப் பையன் அம்மா எங்க கீது?"

"ஆஸ்பத்திரில. காலைல இவன் போன் பண்ணானாம், குரல் ஒரு மாதிரி இருந்துச்சாம். தூக்கம் வருதுன்னானாம். காலேஜ்லயே படுத்துத் தூங்குப்பான்னு அந்தம்மாதான் சொல்லிச்சாம். அதையே சொல்லி சொல்லி அழுவுது."

அம்மா கையை உதறிவிட்டு எழுந்தாள். "காலைல என்ன கூட்டினு போ" என்றாள்.

மறுநாள் கோலாருக்குப் போனோம். நவீனின் அம்மா வார்டுக்கு வெளியே பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளை முன்பின் பார்த்ததில்லை. நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் அப்படித்தாம்மா சொன்னேன், என் சின்னவனுக்கு" என்று ஆரம்பித்தாள். நான் உள்ளே போய்விட்டேன்.

நவீன் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டைப் பட்டனைக் கழற்றிக் காட்டினான். நெஞ்சு நடுவில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"இன்னா குரு இது, கொல பண்ணவா வந்த? மூச்சு உட்டா வலிக்குது."

"மூச்சு உடறல்ல? அது போதும்."

"அவங்க ரெண்டு பேரும் வெளிய இன்னா பேசினு கீறாங்க?"

"உன்ன பத்தி இல்ல. இட்லிய சாப்பிடு."

கதவு வழியாகப் பார்த்தேன். இப்போது அம்மா பேசிக்கொண்டிருக்க, அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா கையைக் காற்றில் உயர்த்தி ஒரு உயரம் காட்டினாள். திலீப்பின் உயரம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவுக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று சொன்னாள்.

"திலீப்புக்கு இட்லின்னா ஆவாது. தோசதான்."

அவன் பெயரை அவள் வாயால் கேட்டு வெகு நாள் ஆகியிருந்தது. "இட்லியும் சாப்புடுவாம்மா" என்றேன்.

"உனக்குத் தெரியாது. உன் எதிர்ல சாப்புடுவான். நீ போனதும் எனக்குத் தோச ஊத்துன்னு வந்து நிப்பான்."

"எனக்குத் தெரியாம எத்தினி தோச ஊத்தின நீ?"

"உங்க ரெண்டு பேருக்கும் தெரியாம உங்க ரெண்டு பேருக்கும் ஊத்திகீறேன்" என்றாள் அம்மா. அப்புறம் அவனைப் பற்றி ராபர்ட்சன்பேட்டை வருகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். நடுவில் அழுதாள், மறுபடி பேசினாள். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் அடுத்த ஸ்டாப்புக்கும் டிக்கெட் வாங்கினேன்.